பேராதனைப் பூங்காவும் கரீபியன் மரங்களும்

மடவளையில் பிறந்து வளர்ந்தவன் என்ற வகையில், பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு எத்தனை தடவை சென்றிருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. பாடசாலைச் சுற்றுலா, பெருநாளுக்கு மறுநாள், வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துச் செல்லும் கடமை, பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் வெளிநாட்டுத் தலைவர் எவரேனும் மரம் நடும் வைபவம் என ஏதேனும் ஒரு காரணம் வாய்த்துக்கொண்டே இருந்தது. ஆயினும், அண்மையில் ஒரு நண்பரோடு சென்று வந்த பயணந்தான் அப்பூங்காவின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்குமாறு என்னைத் தூண்டியது.

நண்பர் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். வத்தேகமைக்கு அப்பால் மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் 1955ஆம் ஆண்டு பிறந்தவர். 1973இல், ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ், பெற்றோருடனும் மூன்று தங்கையருடனும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் சென்றவர். அவருடைய தந்தையார் மடவளை பஸாரில் இருந்த எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தார். சம்பளம் போட்ட மறுநாள் தந்தையோடு சாக்கைத் தூக்கிக்கொண்டு வரும் சிறுவனாகத்தான் நண்பரை நான் முதலில் அறிவேன். அன்று என்னை 'நானா' என்று அழைத்தவர், இன்றும் அப்படியே அழைக்கிறார்.

எதைப் பார்க்க விருப்பம் என்று கேட்டேன். தலதா மாளிகையையோ நுவரெலியாவையோ அவர் சொல்லவில்லை.

"பேராதனைத் தோட்டத்தைப் பார்க்கணும் நானா. நான் பார்த்ததே இல்லை" என்றார். 

எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பிறந்த லயத்திலிருந்து பூங்கா வாசல் இருபது மைலுக்கு உட்பட்ட தூரந்தான். தோட்டப் பாடசாலையிலிருந்து ஒருமுறை சுற்றுலா ஏற்பாடாயிற்றாம்; தலைக்கு இரண்டு ரூபாய். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது எப்படி என்று தாயார் ஒருவருக்குமே கொடுக்கவில்லை.

பூங்காவின் நுழைவாயிலில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு கட்டணம். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு நின்றதைக் கண்ட கருமபீடத்து இளைஞர், இரண்டு உள்நாட்டுச் சீட்டுகளைத் தருவதற்கு ஆயத்தமானார். நண்பர் தடுத்தார். சட்டைப்பையிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டை எடுத்து வைத்து, ஐம்பது ஆண்டுகளாகப் பேசியிராத சிங்களத்தில், தமக்கு வெளிநாட்டவர் சீட்டுத் தருமாறு கேட்டார். இளைஞர் தயங்கி என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. 

"கணக்கு சரியா இருக்கட்டும்" என்று மட்டும் நண்பர் சொன்னார். அது அவருடைய தந்தையார் எங்கள் கடையில் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மைல் தொலைவில், மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடும் நிலத்தில், 147 ஏக்கரில் அமைந்திருக்கிறது பூங்கா. இங்கு வளைந்து செல்லும் அதே ஆறுதான் கட்டுகஸ்தோட்டை வழியாகப் பொல்கொல்லைக்கு வந்து எங்கள் ஊர்ப்பக்கத்தைத் தொடுகிறது. 1371இல் அரியணை ஏறிய மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கு அரசவை நடத்தினான் என்பது மரபு. பின்னர் கண்டி அரசர்களான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கனும் இவ்விடத்தை விரும்பித் தங்கினர். இவ்விருவரும் மதுரை நாயக்கர் வழியினர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதற்கு முன்னரே, 1810இல், கொழும்பில் இன்று கொம்பனித்தெரு என வழங்கும் பகுதியில் அவர்கள் ஒரு தாவரவியற் பூங்காவைத் தொடங்கியிருந்தனர். இலண்டனின் கியூ பூங்காவை நினைவுகூர்ந்து அதற்குக் கியூ என்றே பெயரிட்டனர். பூங்கா போய்விட்டது, கியூ வீதி மட்டும் இன்றும் அங்கே இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அது களுத்துறைக்கு மாற்றப்பட்டது. பின்னர், 1821இல், அலெக்சாந்தர் மூன் என்ற அதிகாரி பேராதனையைத் தெரிவு செய்து நிலத்தைத் திருத்தத் தொடங்கினார். அவர் முதலில் நட்டவற்றுள் முக்கியமானவை கறுவாவும் கோப்பியும். பூங்காவின் தொடக்க நோக்கம் மலர்க்காட்சி அன்று என்பதை இவ்விரண்டு பயிர்களுமே சொல்லிவிடும்.

மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அதில் 1,127 தாவரங்கள் இடம்பெற்றுள்ளன. மறு ஆண்டே அவர் காலமானார். அவரால் 1823இல் சித்திரக்காரராக நியமிக்கப்பட்ட ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற சிங்களவர் 38 ஆண்டுகள் இங்கே தாவரங்களை வரைந்தார். அவருடைய புதல்வர்களும் அதே பணியைத் தொடர்ந்தனர். கார்ட்னர், துவைட்ஸ், டிரைமன், வில்லிஸ் எனப் பின்வந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் நிறைய உள்ளன. மண் வெட்டியவர்களின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

உள்ளே சென்றதும் நண்பர் வியந்து நின்றது பனைமரச் சாலையில். 1887இல் வைக்கப்பட்ட நம்முடைய பனைகள் அவை. யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னாராருக்கும் இதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். மலைநாட்டில் பிறந்தவருக்கு அப்படியன்று. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தின் யன்னல் வழியாகத்தான் தாம் முதன்முதலில் பனையைப் பார்த்ததாகவும், அது என்ன மரமென்று தங்கை கேட்டதற்குத் தமக்குப் பதில் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார்.

பனைச்சாலையைக் கடந்தால் வேறு வகைப் பனைகள். பூங்காவின் படம் எதை எடுத்தாலும் அதில் வருகின்ற, சீமெந்துத் தூண் போல வழுவழுப்பான அடிமரங்களையுடைய அரச பனைகள் கியூபாவுக்குரியவை. அந்நாட்டின் தேசிய மரமும் அதுவே. ஆற்றோரமாக 1905இல் வைக்கப்பட்ட இன்னொரு வரிசை, கோவாப் பனை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடையது. கரீபியன் தீவுகளில் அதன் குருத்தைக் கோவாவைப் போலச் சமைப்பதால் அந்தப் பெயர். திரினிடாட், மார்ட்டினிக், பார்படோஸ் போன்ற தீவுகளே அதன் பிறப்பிடம். ஒவ்வொரு மரத்தின் கீழும் அதன் பெயரும் குடும்பமும், எந்த நாட்டுக்கு உரியது என்பதும் எழுதிய பலகை. நண்பர் ஒன்றையும் விடாமல் குனிந்து படித்துக்கொண்டு வந்தார். 

"எல்லாம் அந்தத் தீவிலயிருந்து வந்ததா நானா?" என்றார். 

எல்லாம் அல்ல, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வந்திருக்கிறது என்றேன். அந்தப் பதிலை விரித்து எழுதுவதற்காகவே இக்கட்டுரை.

நாகலிங்க மரத்திலிருந்து தொடங்கலாம். 1901இல் இலங்கை வந்த, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் அவர் துணைவியாரும் நட்ட மரம் பூங்காவில் இன்றும் நிற்கிறது. அடிமரத்திலேயே காய்க்கும் அதன் காய்கள் பீரங்கிக் குண்டுகளைப் போலிருப்பதால் ஆங்கிலேயர் அதனைப் பீரங்கிக்குண்டு மரம் என்றனர். பூவின் நடுவே சிறிய இலிங்கமும் அதன்மேல் படமெடுத்த நாகமும் தோன்றுவதாகக் கண்ட தமிழர் அதற்கு நாகலிங்கம் என்று பெயரிட்டுச் சிவன் கோயில்களில் வளர்த்தனர். அதே பூவில் தாதுகோபத்தைக் கண்ட சிங்களவர், புத்தர் பிறப்போடு தொடர்புடைய சால மரம் அதுவே எனக் கருதிச் 'சல்' என்றழைத்து விகாரைகளில் நட்டனர். உண்மையான சால மரம் வட இந்தியாவுக்குரிய முற்றிலும் வேறானதொரு மரம். நாகலிங்கமோ கயானா உள்ளிட்ட தென்னமெரிக்காவின் வடபகுதிக்கு உரியது. இலங்கைக்கு அது வந்தது பிரித்தானியர் காலத்தில், பூங்காக்கள் வழியாக. அதற்கு முந்திய நம் முன்னோர் எவரும் அப்பூவைக் கண்டிருக்க நியாயமில்லை. இன்று அது நம் சமயங்களின் மரம்.

அடுத்தது ஈரப்பலா. கண்டிப் பகுதியில் ஈரப்பலா நிற்காத வளவு அரிது. தேங்காய்ப்பாலில் சமைத்த ஈரப்பலாக்காய்க் கறி எங்கள் ஊர்ச் சாப்பாட்டின் ஓர் அங்கம். சிங்களத்தில் அதனை 'ரட்ட தெல்' என்பர். பிறநாட்டுத் தெல் என்பது அதன் பொருள். பசிபிக் தீவுகளின் மரமான இது கரீபியனுக்குச் சென்ற கதை உலகறிந்தது. மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாக உணவளிக்க வேண்டுமென்று தோட்டச் சொந்தக்காரர் கேட்டதன்பேரில், தஹித்தித் தீவிலிருந்து கன்றுகளை ஏற்றிவர 1787இல் கப்டன் பிளை என்பவர் பவுண்டி என்ற கப்பலில் அனுப்பப்பட்டார். 1789இல் மாலுமிகள் கலகம் செய்து அவரைப் படகொன்றில் இறக்கிவிட்டனர். கன்றுகள் கடலுக்குள் போயின. பிளை மீண்டும் முயன்று 1793இல் செயின்ட் வின்சென்ட் தீவிலும் ஜமேக்காவிலும் கன்றுகளை இறக்கினார். செயின்ட் வின்சென்ட் தீவில் அவற்றைப் பெற்றுக்கொண்டது 1765இல் தொடங்கப்பட்ட தாவரவியற் பூங்கா. மேற்கு அரைக்கோளத்தில் மிகப் பழையது அதுவே. யாருக்காக அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரப்பட்டதோ, அந்த அடிமை மக்கள் தொடக்கத்தில் அதனை விரும்பி உண்ணவில்லை என்பதும் சொல்லப்படுகிறது.

செயின்ட் வின்சென்ட், ஜமேக்கா, கல்கத்தா, பேராதனை, பின்னர் சிங்கப்பூர் என உலகெங்கும் இருந்த இப்பூங்காக்கள் அனைத்தும் கியூவை நடுவாகக் கொண்ட ஒரே வலையின் கண்ணிகள். ஓரிடத்தில் விளையும் பொருளை இன்னோரிடத்தில் மலிவாக விளைவிக்க முடியுமா என்று சோதிப்பது அவற்றின் தொழில். 1876இல் பிரேசிலிலிருந்து விக்காம் கொண்டுசென்ற இறப்பர் விதைகளில் கியூவில் முளைத்த கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே ஆண்டு கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன; எண்ணிக்கை 1,919. அதனைக் கவனித்ததும் பேராதனை நிர்வாகமே. ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கப்பட்டது.

பயிர் மட்டும் வந்தாற் போதாது. அதனைப் பெருந்தோட்டமாக நடத்தும் முறையும் வரவேண்டும். நமக்கு மிக நெருக்கமான கரீபியன் தொடர்பு அங்கேதான் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் கோப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங்கோ, அதாவது இன்றைய ஹெய்ட்டி. 1791இல் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் சுதந்திர நாடாயிற்று. அங்கிருந்து ஜமேக்காவுக்குச் சென்ற லபோரி என்ற தோட்டச் சொந்தக்காரர், கோப்பி வளர்ப்பது எப்படி என்று விரிவான நூலொன்றை எழுதி 1798இல் வெளியிட்டார். காடு வெட்டுவதிலிருந்து ஆட்களை வேலை வாங்குவது வரை அதில் உண்டு. ஆட்கள் எனில் அடிமைகள். அடுத்த நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் துரைமார் கையில் வைத்துப் படித்த வழிகாட்டி அந்நூல்தான்.

பிரித்தானியக் குடியேற்றங்களில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகளும் நீங்கி 1838இல் அடிமைகள் முழுமையாக விடுபட்டனர். தோட்டங்களை விட்டு அவர்கள் விலகவே ஜமேக்காவின் கோப்பி சரிந்தது. 1835இல், மேற்கிந்தியக் கோப்பிக்குப் பிரித்தானியாவில் இருந்துவந்த தீர்வைச் சலுகையும் நீங்கி, இலங்கைக் கோப்பி சம நிலைக்கு வந்தது. இங்கே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களிலேயே பூங்காவுக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டு, ஏற்றுமதித் தீர்வையையும் நீக்கி வழி திறந்திருந்தார். இந்தச் சமயத்தில், 1837இல், றொபட் பொய்ட் டைட்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் இலங்கை வந்தார். அவர் கோப்பி பயின்ற இடம் ஜமேக்கா. மேற்கிந்திய முறை என்று சொல்லப்படும் கோப்பிச் செய்கையை இலங்கையில் புகுத்தியவர் என்று அவரைச் சொல்வர்.

டைட்லரின் பெயர் சேர்ந்திருப்பது எங்கள் பகுதியோடு. தும்பறைப் பள்ளத்தாக்கு, பல்லேகலை எல்லாம் அவருடைய களங்கள். கோப்பி அழியத் தொடங்கிய வேளையில், திரினிடாட்டிலிருந்து பேராதனைக்கு வந்த வகைகள் உட்படக் கொக்கோவை இப்பள்ளத்தாக்கில் பரப்பியதிலும் அவருக்குப் பங்குண்டு. நான் சிறுவனாக இருந்தபோது கொக்கோப் பழத்தைக் கல்லில் உடைத்து, வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். அது திரினிடாட் விளையாட்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்!

மேற்கிந்திய முறைக்கு வேண்டிய ஆட்கள் இலங்கையில் கிடைக்கவில்லை. கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயி தன் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று வறட்சியும் கடனும் மிகுந்திருந்த தமிழ்நாட்டுச் சீமைகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் மாண்டவர் ஏராளம். நடந்து பிழைத்தவர்கள் கும்பிட்டு நின்ற இடத்தில்தான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது என்பர். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1844இல். அவ்வேளையில் இம்மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலின் மறுபுறத்திலும் இதே கதை. விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தை நிரப்ப 1838இல் கயானாவுக்கும், 1845இல் திரினிடாட், ஜமேக்கா ஆகிய தீவுகளுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தில் ஏற்றப்பட்டனர். பிரெஞ்சுக்காரர் 1848இல் அடிமைமுறையை ஒழித்தபின், 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழை இழந்தாலும் மாரியம்மனை 'மாலியெமன்' என்று இன்றும் வழிபடுகின்றனர். அவர்கள் வைக்கும் கறிக்கு அங்கே 'கொலொம்போ' என்று பெயர். கொழும்பு நகரின் பெயர் அது என்பார் சிலர், குழம்பு என்ற நம் சொல்லே அது என்பார் சிலர். எதுவாயினும் மணம் ஒன்றுதான் போலும்.

கோப்பியின் முடிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்ததைக் கண்டனர். அப்போது பேராதனையின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நாசகாரி என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லைச் சேர்த்து அங்கே அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரிட்டனர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிவியலாளர் வந்து பேராதனையில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து நோயின் இயல்பைத் தெளிவாக்கினார். அறிந்தும் பயனில்லை. 1870களின் இறுதியில் 2,75,000 ஏக்கர் வரை பரந்திருந்த கோப்பி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அழிந்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையும் இப்பூங்காவின் வழியாகவே வந்தது. 1824இல் சீனச் செடிகளும் 1839இல் அஸ்ஸாம் செடிகளும் இங்கே நடப்பட்டிருந்தன. 1867இல் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், விதை பெற்றதும் பேராதனையிலிருந்தே.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படும். வந்தவர்களிற் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டியது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கவேண்டியதாயிற்று. ஒரு செடியின் இயல்பு ஒரு சமூகத்தை இந்த மண்ணில் ஊன்றிவிட்டது. அதன் பின்னர் மூன்று தலைமுறை கழிந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று எங்கே என்று அவர்களைக் கேட்டது. 1949இன் இந்திய - பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது. நண்பரின் தந்தையாருடையது நிராகரிக்கப்பட்டவற்றுள் ஒன்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி 9,75,000 பேரைப் பற்றிப் பேசினர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தின் மூலம் தீர்வு வந்தது 2003இல்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதங்களைப் பற்றிச் செய்தி எழுதும் வேலை சிலவேளை எனக்கு வரும். 'தாயகம் திரும்பினர்' என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. அலுவலகத்தில் வழங்கிவந்த சொல் அது. யாரும் திருத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை. அந்தப் புகையிரதங்களில் ஒன்றில் இந்த நண்பரும் இருந்திருக்கிறார். வத்தேகமைக்கு மேலே பிறந்த, பனைமரத்தை அறியாத பதினெட்டு வயது இளைஞன் எந்தத் தாயகத்துக்குத் திரும்பினான் என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இதை நான் ஆற்றோர மூங்கில்களின் கீழ் அமர்ந்திருந்தபோது அவரிடம் சொன்னேன். பர்மாவுக்குரிய இராட்சத மூங்கில்கள் அவை. மழைக்காலத்தில் ஒரு நாளில் ஓரடி வரை வளரும் என்பர். நண்பர் சிறிது நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"அங்க போனா எங்களைச் சிலோன்காரன்னு சொன்னாங்க நானா. இங்க இந்தியாக்காரன். பேப்பரில என்ன போட்டாங்கன்னு பார்க்க எங்களுக்கு நேரம் ஏது?" என்றார். 

கோத்தகிரியில் அவருக்குக் கிடைத்த வேலையும் தேயிலைத் தோட்டத்திலேதான். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் உருவாக்கிய தோட்டங்களில் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்றவர் அவர்.

பிற்பகலில் பெரிய புற்றரையின் ஜாவா அத்தி மரத்தடிக்கு வந்தோம். ஒற்றை மரம் ஒரு காடு போலப் படர்ந்திருக்கும். குடைக்குள் முகம் மறைத்த காதலர்களும், தலைகீழாய்த் தொங்கும் வௌவால்களும் பேராதனையின் நிரந்தரக் குடிகள். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் போர்த் தலைமையகத்தை இப்பூங்காவுக்குத்தான் கொண்டுவந்தார் என்றும், 1891இல் இங்கே நாகமரம் நட்ட ரஷ்ய இளவரசர்தான் பின்னர் புரட்சியில் கொல்லப்பட்ட சார் நிக்கலஸ் என்றும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வழிகாட்டிகளின் தொழிலை நான் பறிப்பதாக நண்பர் சிரித்தார். நாகலிங்க மரத்தடியில் விழுந்து கிடந்த பூவொன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மாலையில் மடவளைக்குத் திரும்பினோம். வீட்டில் ஈரப்பலாக்காய்க் கறி வைத்திருந்தார்கள். சாப்பிட்ட பின், வாப்பாவின் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து 1973ஆம் ஆண்டின் கடன் கொப்பியை எடுத்து வந்தேன். கறையான் அரித்த விளிம்பு. ஆனால் எழுத்து அழியவில்லை. அவருடைய தந்தையாரின் பெயரும் தோட்டத்துப் பதிவிலக்கமும் பக்கத்தின் தலைப்பில் இருந்தன. கீழே அரிசி, மா, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய். கடைசி வரியில் வாப்பாவின் கையெழுத்து: 'நிலுவை 41 ரூபா 60 சதம் முழுவதும் பெற்றுக்கொண்டேன். ஊருக்குப் போகிறார்.' புகையிரதம் ஏறுவதற்கு இரண்டு நாள் முந்திய திகதி.

நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு இதனைப் பிரதி எடுக்க முடியுமா என்று கேட்டார். மறுநாட் காலையில் பஸாரில் கடை திறந்ததும் இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று அவருக்கு. மற்றது சென்னையில் படிக்கும் பேரனுக்காம். கொள்ளுத்தாத்தா எங்கே இருந்தவர் என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம்.